இடுப்பளவு மணல்

கருவடிக்குப்பம் தாண்டிய பிறகு திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். காலில் செருப்பு இல்லை. மாசி மாத வெயிலில் தார் இன்னும் இளகவில்லை, அதனால் நடக்க முடிந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு சட்டை, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு இட்லி. மரக்காணம் போகிற பஸ் ஒவ்வொன்றும் என்னைப் புழுதியால் குளிப்பாட்டிவிட்டுப் போனது. யாராவது கேட்டால் காலாப்பட்டில் மாமா வீடு இருக்கிறது, அங்கே போகிறேன் என்று சொல்வதற்காக ஒரு மாமாவை யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்மில் பாதிப்பேர் ஒருமுறையாவது வீட்டைவிட்டு ஓடியவர்கள்தான். அடிக்குப் பயந்து ஓடினோம், பரீட்சைக்குப் பயந்து ஓடினோம், சினிமாவில் சேரலாம் என்று ஓடினோம். நான் ஓடியது ஒரு குழந்தையால். பதினான்கு மாதப் பெண் குழந்தை. அதற்கு எழுந்து நிற்கக்கூடத் தெரியாது.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில். அப்பா கேரளத்துக்குப் படகு வேலைக்குப் போனவர். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு தீபாவளிக்கு ஒன்று, பிறகு எதுவும் வரவில்லை. அம்மா கரையில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் வைத்துப் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே கொண்டுபோய் விற்றாள். நான் பிறந்த மூன்றாம் மாதமே அவள் கூடையைத் தூக்கிவிட்டாளாம். எனக்குப் பத்து வயதான வருடம் ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்குக் கழுத்து பிசகிவிட்டது. இனிமேல் தலையில் எதையும் வைக்கக்கூடாது என்றார் வைத்தியர். மீன்காரிக்குத் தலை இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

மார்க்கெட்டில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் குசினிக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவர்களின் வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அப்படி ஒரு வீட்டில் அவர் சமைத்துக்கொண்டிருந்தார். முசே என்று எல்லோரும் கூப்பிட்ட வீட்டுக்காரர் பிரான்ஸில் இருந்தார். அவர் மனைவி மதாம் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். தமிழ்ப் பெண்தான், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு அந்த வீட்டில் முதலில் ஒரு சோப்பு கொடுத்தார்கள். குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும். முதல் நாள் மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். அதுவரை அம்மா என்றால் எனக்கு மீன் வாடை. அந்த வாடையைக் குழந்தை எடுத்துக்கொண்டது என்பதுதான் என் முதல் கணக்கு.

பள்ளிக்கூடத்துக்கு மத்தியானம் மட்டம் போட ஆரம்பித்தது அப்போதுதான். பிறகு காலையிலும் போகவில்லை. அந்த வீட்டுப் பின்கட்டில், குசினி வாசலில் நான் உட்கார்ந்துகொள்ளலாம், உள்ளே மட்டும் போகக்கூடாது. அங்கிருந்து கூடம் நன்றாகத் தெரியும். கூடத்தில் மரச்சட்டம் போட்ட ஒரு கூண்டு, அதற்குள் மெத்தை, மெத்தையில் குழந்தை. தரையில் விடக்கூடாது என்பது மதாமின் உத்தரவு. தரை அழுக்கு, தரை குளிர்ச்சி, தரையில் எறும்பு. அந்தத் தரையோ என் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்திருக்கும்.

ஒரு நாள் குழந்தை கையில் இருந்த கரண்டியைக் கூண்டுக்கு வெளியே போட்டது. அம்மா கன்னத்தில் கை வைத்து, "அய்யய்யோ, உழுந்துடுச்சே!" என்று எடுத்துக்கொடுத்தாள். மறுபடியும் போட்டது. மறுபடியும் அய்யய்யோ. நான் எண்ணினேன். முப்பத்தொரு தடவை. முப்பத்தொன்றாவது தடவையும் அம்மா முதல் தடவை போலவே ஆச்சரியப்பட்டாள். முந்தின வாரம்தான் வீட்டில் நான் ஒரு டம்ளரைக் கீழே போட்டதற்கு, "கையில எலும்பு இல்லியாடா உனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்திருந்தாள்.

குசினிக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா மொறைக்கிறே? பாப்பா பாலை நீ கண்ணாலயே குடிச்சிடுவே போலக்கீதே."

"நான் ஒண்ணும் மொறைக்கல."

"பின்ன? உன் கண்ணு ரெண்டும் பொரிச்ச மீனு கண்ணு மாதிரி நிக்குது."

இன்னொரு விளையாட்டு விரல்களை வைத்து. இதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அம்மாவே இட்டுக்கட்டியது. குழந்தையின் உள்ளங்கையை விரித்து, சுண்டு விரலில் இருந்து ஏலம் விடுவாள். இது நெத்திலி, இது காரப்பொடி, இது சங்கரா, இது கொடுவா. கட்டை விரலைப் பிடித்ததும் குரல் ஏறும். "இது வஞ்சிரம்! வஞ்சிரம் இன்னா வெல? யாரு கேக்குறது? சொல்லு, சொல்லு!" குழந்தை ஏதாவது கத்தும். "எடுத்துக்க!" என்று கட்டை விரலைப் பல் படாமல் கடிப்பாள். குழந்தை சிரிக்கிற சிரிப்பில் கூண்டு ஆடும். அம்மாவும் சிரிப்பாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. தலை பின்னால் சாய்ந்து, கடைவாய்ப் பல் தெரிய, பிசகின கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மறுநாள் காலையில் வீட்டில் நான் கையை நீட்டினேன். "யம்மா, எனக்கும் பண்ணு."

"இன்னாத்த?"

"அதான், நெத்திலி, காரப்பொடி."

அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். "போடா, மீசை மொளைக்கப் போற வயசுல நெத்திலியாம்."

"சின்னப் புள்ளையில எனக்குப் பண்ணியா?"

"உனக்கு ஏதுடா அதுக்கெல்லாம் நேரம்? கூடைக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சு வுட்டேன். நீயா பெரண்டே, நீயா நடந்தே." பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது பெருமையாகப் படவில்லை.

என் கோலிகள் போனதும் அந்த வாரம்தான். ஏழு கோலி. ஒன்றில் மட்டும் உள்ளே பச்சை இழை சுருண்டிருக்கும். அம்மா அவற்றை ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டு, மூடியைத் துணி வைத்து இறுக்கிக் கட்டி, கிலுகிலுப்பையாகக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். இடது பக்கம் ஆட்டுவாள், குழந்தை திரும்பும். வலது பக்கம் ஆட்டுவாள், திரும்பும். முதுகுக்குப் பின்னால் மறைப்பாள், குழந்தை தேடும். என் பச்சைக் கோலி அந்த டப்பாவுக்குள் எந்தப் பக்கம் உருள்கிறது என்று நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக்குக் காவலாளி. லாரி, உப்பளம், ஓட்டல், கப்பல் பெயிண்ட் என்று பதினைந்து ஊர் சுற்றி இங்கே நிற்கிறேன். கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் கைக்குழந்தைகளுக்கு விளையாட்டு வகுப்பு நடக்கிறது. அம்மாக்கள் வண்ணப் பாயில் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறார்கள், முகத்தை மூடித் திறக்கிறார்கள், கீழே போட்டதை எடுத்துக்கொடுக்கிறார்கள். இப்படிச் செய்தால்தான் மூளையும் கையும் காலும் வளருமாம், டீச்சர் சொல்கிறார். பிளாஸ்டிக் தொட்டியில் கழுவிய மணல்கூட வைத்திருக்கிறார்கள். அந்த மணல் மூட்டையை மாடிப்படிக்கு அடியில் இருந்து எடுத்துக்கொடுப்பது நான். அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் சொல்கிறேன், கதவிடுக்கில் பார்க்கும்போது எனக்கு இன்னும் பொறாமைதான் வருகிறது.

மணலுக்கு வருகிறேன்.

தை பிறந்தும் அந்தக் குழந்தை நிற்கவில்லை. உட்காரும், சாயும், தூக்கி நிறுத்தினால் கால் துவளும். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், சில குழந்தைகள் தாமதமாக நிற்கும், பொறுங்கள் என்றாராம். மதாமுக்குப் பொறுமை இல்லை. ஈஸ்டருக்கு முசே வருவதாக இருந்தது. "அவர் வர்றதுக்குள்ள பாப்பா நிக்கலன்னா எங்க ரெண்டு பேரையும் அங்கயே கூட்டிட்டுப் போயிடுவார், வைத்தியம் பார்க்க" என்று மதாம் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். அவர்கள் போனால் அம்மாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூடை. கூடைக்குக் கழுத்து இல்லை.

"நெலத்துல வுட்டாதான கால் ஊணும்" என்று அம்மா குசினிக்காரரிடம் முனகினாள். மதாமிடம் சொல்லவில்லை.

தினமும் நாலு மணிக்குக் குழந்தையைக் காற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு தள்ளுவண்டி இருந்தது. மதாம் அதைப் புசேத் என்பார். கடற்கரைச் சாலையில் தள்ளிக்கொண்டு போய், திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு. அம்மா வண்டியை வடக்கே எங்கள் கரைப் பக்கம் தள்ளினாள். அந்த இடத்தில் இப்போது கருங்கல்தான் கிடக்கிறது. அன்றைக்கு அங்கே படகு ஏற்றுகிற அளவுக்கு அகலமான மணல்.

ரொம்ப ஈரமும் இல்லாமல் ரொம்பக் காயாமலும் இருக்கிற மணலாகப் பார்த்து அம்மா கையாலேயே குழி பறித்தாள். உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுற்றி விரித்தாள். குழந்தையை அதில் இறக்கி நிறுத்தி, இடுப்பளவுக்கு மணலைத் தள்ளி அணைத்தாள். எங்கள் கரையில் கால் ஊன்றாத பிள்ளைகளுக்கு இதுதான் செய்வார்கள். மணல் நாலு பக்கமும் பிடித்துக்கொள்ளும், விழ முடியாது. கீழே கால் மட்டும் தானாக அழுத்திப் பார்க்கும். கையெட்டாத தூரத்தில் அம்மா சிப்பிகளை வைப்பாள். குழந்தை முன்னால் சாய்ந்து எட்டப் பார்க்கும். பின்னால் கை தட்டிக் கூப்பிடுவாள். குழந்தை இடுப்பைத் திருப்பும். அரை மணி நேரம் இப்படி. பிறகு பாட்டில் தண்ணீரால் கால் இடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, சட்டை மாட்டி, வண்டியில் வைத்துவிடுவாள். பாட்டில் தூக்கி வருவது என் வேலை.

"வாயத் தொறந்தே, தோலை உரிச்சுக் கருவாடு போட்டுடுவேன்" என்று என்னிடம் சொல்லிவைத்தாள். "இது வெளிய தெரியக்கூடாது. அந்தப் புள்ள நின்னுடுச்சுன்னா அப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

ஆறாம் நாள் குழந்தை குழிக்குள் குதிக்கப் பார்த்தது. அம்மா மணலில் உருண்டு சிரித்தாள். பக்கத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த அத்தை ஒருத்தி, "இன்னாடி, பெத்த புள்ளைக்குக்கூட நீ இப்படிச் சிரிச்சதில்லியே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. அன்றைக்கு அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பிறகு அந்தக் குழிக்குள் நானே இறங்கி நின்று பார்த்தேன். முழங்காலுக்குக்கூட வரவில்லை.

மறுநாள் மதாம் குசினி வாசலுக்கு வந்தார். குழந்தையின் காதுக்குப் பின்னால் மணல் இருந்ததாம். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மதாம் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, பாப்பா மேல எப்படி மணல் வந்தது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காற்று என்று சொல்லியிருக்கலாம். கால் ஊன்ற வைக்கிறார்கள் என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். மூன்றும் எனக்குத் தெரியும். நான் தேர்ந்தெடுத்தது இது:

"எங்கம்மா தெனம் பாப்பாவ மண்ணுல பொதைக்குது மதாம்."

பொய்யில்லை. அதுதான் அந்த வாக்கியத்தின் கெட்டிக்காரத்தனம். பத்து வயதில் நான் அவ்வளவு யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். வேலை போனால் அம்மா எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

மதாம் உள்ளே திரும்பிப் போனார். அன்று மாலை நாலரை மணிக்கு, குழந்தை குழிக்குள் நிற்க, அம்மா எதிரே குப்புறப் படுத்து ஒரு சங்கை ஆட்டிக்கொண்டிருந்தபோது, சாலையில் இருந்து மதாம் ஓடிவந்தார். ஒரு செருப்பு மணலில் மாட்டிக் கழன்றது. "மோன் தியே! மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார். குழந்தையின் இரண்டு கையையும் பிடித்து முள்ளங்கி பிடுங்குவதுபோல் பிடுங்கினார்.

"உயிரோட புதைக்கிறியா? நீ மனுஷியா?"

"பொதைக்கல மதாம், நிக்க வச்சிருக்கேன். கால் ஊணுது மதாம். இன்னும் ரெண்டு நாளு பொறுங்க, நீங்களே பாப்பீங்க."

கருவாட்டு அத்தை எழுந்து வந்தாள். "எங்க புள்ளைங்க எல்லாம் இந்த மண்ணுலதான் நின்னுச்சிங்கோ, மதாம். ஒண்ணும் ஆவாது."

"உங்க பிள்ளைங்க..." என்று ஆரம்பித்த மதாம் அதை முடிக்கவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "உன் மகனே சொன்னான். அவனுக்கு இருக்கிற பயம்கூட உனக்கு இல்லை" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். வஞ்சிரம் என்று சொல்லி வாங்கின கூடையின் அடியில் வேறு மீன் இருப்பதைக் கண்டவள்போல் பார்த்தாள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மதாம் குழந்தையைக் கெட்டி மணலில் இறக்கிவிட்டு, குனிந்து, அதன் சட்டையில் இருந்த மணலைப் படபடவென்று தட்டினார். தட்டுவதற்காக இரண்டு கையையும் எடுத்தார். குழந்தை நின்றது. யாரும் பிடிக்கவில்லை. கால் இரண்டையும் அகட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, தானாக நின்றது. அழுதுகொண்டே அம்மா பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று எண்ணுகிற நேரம் இருக்கும். மதாமின் கண் சட்டையில் இருந்தது. அம்மாவின் கண் முந்தானைக்குள் இருந்தது. அத்தை என்னைத் திட்டத் திரும்பியிருந்தாள். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"மதாம், பாப்பா நிக்குது" என்றால் போதும். மூன்று வார்த்தை. அம்மாவின் வேலை அந்த மூன்று வார்த்தையில் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த நீட்டிய கை யார் பக்கம் நீண்டிருந்தது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மதாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். புசேத்தின் சக்கரம் மணலில் சிக்கித் திணறியது. உதவி செய்ய யாரும் போகவில்லை.

குழந்தையைத் தூக்கும்போது அந்தக் கை மதாமின் கண்ணிலும் பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஓடிவந்தபோது அவர் முதலில் பார்த்தது குழியை அல்ல, தன் குழந்தை வேலைக்காரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைத்தான். என்னைப் போலவே அவரும் அன்று நல்ல காரணம் ஒன்று கிடைத்ததில் நிம்மதிப்பட்டிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. குழந்தை நின்றது மணலாலா, நாள் வந்ததாலா என்பதையும் சொல்ல முடியாது. டாக்டர் பொறுக்கத்தான் சொல்லியிருந்தார். சில வருடம் கழித்து குசினிக்காரரைப் பார்த்தபோது, அடுத்த வாரமே குழந்தை வீட்டில் கூண்டைப் பிடித்து நின்றது என்றும், சீமைச் சொட்டு மருந்து வேலை செய்தது என்று மதாம் எல்லோரிடமும் சொன்னார் என்றும் தெரிந்தது. ஈஸ்டருக்கு வந்த முசே எப்படியும் இருவரையும் பிரான்ஸுக்குக் கூட்டிக்கொண்டுதான் போனாராம். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேன். மூன்று நாள் கழித்துச் சும்மாட்டை இரண்டு மடங்காகச் சுற்றி மறுபடியும் கூடையைத் தூக்கினாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். மீன் வாடை வீட்டுக்கு வந்துவிட்டது. நான் கேட்டது அதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கையை நீட்டு" என்றாள்.

அடிக்கத்தான் போகிறாள் என்று சந்தோஷமாக நீட்டினேன். என் உள்ளங்கையை விரித்துச் சுண்டு விரலைப் பிடித்தாள். "இது நெத்திலி. இது காரப்பொடி. இது சங்கரா. இது கொடுவா." குரலில் கோபம் இல்லை. ஏலமும் இல்லை. கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு சொல்வதுபோல் சொன்னாள். "இது வஞ்சிரம்." கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், பழிக்காக இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செய்யிலன்னு நெனச்சிக்கினே இருக்காதே. செஞ்சிட்டேன்" என்று எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தை நின்றதைச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை ஓடினேன். அவள் தெருமுனை தாண்டிவிட்டிருந்தாள். தட்டில் இருந்த இரண்டு இட்லியைச் செய்தித்தாளில் சுற்றினேன். மஞ்சள் பையை எடுத்தேன். அவள் தெற்கே போனாள், நான் வடக்கே நடந்தேன்.

காலாப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் பசி. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டை உரிக்கும் பெண்களில் ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, யார் எவர் என்று கேட்டாள். மாமா வீடு என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் கூழ் கொடுத்தாள்.

"வேலை செய்யிறியா? ரெண்டு வேளை சோறு."

"செய்யிறேன்க்கா. மரம் தூக்குவேன்."

"மரம் தூக்குற மூஞ்சியப் பாரு" என்று மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மரக்கிளையில் கட்டியிருந்த தூளியில் இருந்து ஏழெட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றை எடுத்து, நான் கையைச் சரியாக வைப்பதற்குள் மடியில் வைத்துவிட்டாள். கனமாக இருந்தது. மூக்கு ஒழுகியிருந்தது. என் சட்டைப் பொத்தானை உடனே பிடித்துக்கொண்டது.

"சாயந்தரம் வரைக்கும் அழாமப் பாத்துக்க. எறும்பு வராமப் பாத்துக்க. வெளையாட்டுக் காட்டு."

"எப்படிக் காட்டுறது?"

அரிவாளை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்து என்னை வினோதமாகப் பார்த்தாள். "இது இன்னாடா கேள்வி? உங்கம்மா உனக்குக் காட்டுலியா?"

"காட்டிச்சு" என்றேன்.